ஒரே கயிற்றில் இரண்டு சம்பந்திகள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மாமியாரும் உங்கள் தாயாரும் பரம சௌக்கியம். நானும் உங்கள் தகப்பனாரும் ஒரே கயிற்றில் கட்டுண்டு கிடக்கிறோம். வேறு விசேஷமில்லை என்று முடித்துவிடலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் நீங்கள் வந்து உங்கள் தகப்பனாரைக் கையோடு அழைத்துப் போக வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவர்களின் மலையேறும் குழுவில் நான் சேர்ந்தது தங்களுக்குத் தெரியும். நான் சேர்ந்த சூட்டோடு அவரும் சேர்ந்தார். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவர் இருபதாயிரம் அடி ஏறுகிறேன் என்று நிற்பது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, உங்கள் கல்யாணப் படத்தில் அவர் எனக்கு முன்னால் வந்து நின்று, பெண்ணைப் பெற்ற என்னுடைய ஒரு காது மட்டும் படத்தில் தெரியும்படி செய்த நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எங்கள் தலைவி, முன்னாள் டிரில் டீச்சர், இந்தக் கதை எதுவும் அறியாதவர். ஒரு கயிற்றுக்கு இரண்டு பேர், ஒத்த எடையாக இருக்க வேண்டும் என்று எல்லோரையும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினார். எங்கள் இருவருக்கும் முள் ஒரே இடத்தில் நின்றது. கடைசி வாரம் முழுக்க, எழுந்தது முதல் படுக்கும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது, பழக வேண்டும் என்று உத்தரவு. அதனால்தான் உங்கள் பெற்றோர் நம் வீட்டில் தங்கியிருக்கிறார்கள்.

பழகுகிறோம் மாப்பிள்ளை. நான் குளிக்கப் போனால் கயிறு கதவிடுக்கு வழியாக வெளியே போகிறது, அந்த முனையில் உங்கள் தகப்பனார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார், இரண்டு தடவை இழுத்தால் "உடனே வா" என்று அர்த்தம், அவர் கொசு அடிக்கும்போதெல்லாம் இரண்டு தடவை இழுபடுகிறது, நான் சோப்பு நுரையோடு வெளியே வந்து நிற்கிறேன். சலூனில் அவருக்கு வெட்டிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தும்மல் வந்து தொலைத்தது, அவருடைய இடது கிருதா போயே போச்சு. பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்ளோடு கூடத்தில் நடந்து பழகினோம், வந்து தரையைப் பார்த்த வீட்டுச் சொந்தக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் தகப்பனார் தொண்டையைக் கனைத்தார், பாதரசம் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. "மலை ஒண்ணும் பண்ணாது சார். இவரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்றார் டாக்டர். தள்ளி எங்கே உட்காருவது?

உங்கள் மாமியாரிடம் முறையிட்டேன். "ஒருத்தரைத் தேடினா ரெண்டு பேரும் கிடைக்கிறீங்க. திரும்பி வந்தப்புறமும் அவுக்காதீங்க" என்கிறாள். உங்கள் தாயார் அதற்குத் தலையாட்டுகிறார்.

இதெல்லாம் போகட்டும். விழும் பயிற்சிதான் விஷயம். ஒருவர் சரிவில் வேண்டுமென்றே விழ வேண்டும். மற்றவர் உடனே எதிர்ப்பக்கம் குப்புறப் படுத்து, பனிக்கோடரியைத் தரையில் குத்தி, அவரைத் தாங்க வேண்டும். நேற்று பள்ளிக்கூட மைதானத்து மண்மேட்டில் எங்களை நிறுத்தினார்கள்.

"யார் சார் முதல்ல விழறீங்க?" என்றார் டீச்சர்.

"அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர். எதுலயும் முதல் மரியாதை அவருக்குத்தான். அவரே விழட்டும்" என்றேன்.

"அவர் என்னைவிட மூத்தவர். பெரியவர் இருக்கும்போது நான் முந்திக்கலாமான்னு கேளுங்க" என்றார் உங்கள் தகப்பனார், டீச்சரைப் பார்த்து.

மற்ற ஜோடிகள் விழுந்து எழுந்து தூசி தட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். நாங்கள் உச்சிவெயில் வரை நின்றோம். சனிக்கிழமை கடைசி வாய்ப்பு, அன்றும் விழாவிட்டால் இரண்டு பேருக்கும் மலை இல்லை என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை. பயமாக இருக்கிறது. ஆயுசு முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஒரு தடவையாவது மேகத்துக்கு மேலே நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் நான் வழுக்கினால் உங்கள் தகப்பனார் முதலில் யோசிப்பார். கல்யாணத்தில் தனக்கு நடந்த குறையையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்து முடிப்பதற்குள் நான் அடிவாரத்துக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். ஆகவே மூட்டுவலி அது இது என்று ஏதாவது சொல்லி அவரை அழைத்துப் போங்கள். டீச்சர் எனக்கு வேறு துணை தருவார். அவரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தங்கமான மனிதர், கயிற்றின் மறுமுனையில் இல்லாதவரை. எதிரே உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார். கையால் மறைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்
(கயிற்றின் இந்த முனையிலிருந்து)

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க இருவருமாகத்தான் வந்தோம். தபாலாபீஸ் படியைக் கழுவி விட்டிருந்தார்கள். என் கால் வழுக்கியது. நான் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தகப்பனார் எதிர்ப்பக்கம் தொப்பென்று குப்புற விழுந்து, கையிலிருந்த குடையைக் கம்பிக் கதவில் மாட்டிப் பிடித்து, என்னைப் பாதிப் படியில் நிறுத்திவிட்டார். அவருக்கு முழங்கை இரண்டும் சிராய்ப்பு. எழுந்து உட்கார்ந்ததும் நேராக அவரிடமே கேட்டேன், "ஏன் சம்பந்தி, விட்டுடலாம்னு தோணலையா?"

"கொஞ்சம் யோசிச்சிருந்தா விட்டிருப்பேன். யோசிக்க எங்க நேரம் இருந்துச்சு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாகப் பாவிக்கவும். அவர் பக்கம் இனி எனக்குக் கவலையே இல்லை. ஆனால் சனிக்கிழமை முதலில் விழ அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பிடிக்க வேண்டியவன் நான். எனக்கு இன்னும் நாலு நாள் நேரம் இருக்கிறது, இங்கே தபாலாபீஸ் பெஞ்சிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எனவே நீங்கள் உடனே புறப்பட்டு வரவும், என்னிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க.