நின்ற இடத்திலேயே ஓடிய சைக்கிள்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஏதாவது லாரி திடீரென்று பிரேக் போட்டால் ரப்பர் கருகும் வாசனை வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு மட்டும் இரண்டு தொடைகளும் தாமாகத் துடிக்கும். அந்த வாசனையை ஒரு மாதம் என் வீட்டு முற்றத்து ஓரத்திலேயே நான் தயாரித்திருக்கிறேன்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பதை நெருங்கும் ஆண் சைக்கிள் வாங்குவது உடம்புக்காக இல்லை, யாரையாவது முந்துவதற்காக. எனக்கு அந்த யாராவது, மனைவி உமையாளின் தம்பி சொக்கு. என்னைவிடப் பத்து வயது இளையவன். மேடு வந்தால் சீட்டியடிப்பவன்.

ஞாயிறு காலைகளில் இருவரும் காரைக்குடியிலிருந்து கிளம்புவோம். ஒருமுறை இளையாத்தங்குடி வரை போனோம். அது எங்கள் கோயில். எங்கள் சமூகத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது. பெயரைக் கேட்பதற்கு முன்னால் கோயிலையும் அதன் உட்பிரிவையும் கேட்பார்கள். சொக்கு வேறு கோயில்காரன். அப்படிப்பட்டவன் எனக்கு அரை மணி நேரம் முன்னால் போய், சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, வாசலில் நின்றுகொண்டு என் பங்காளிகளிடம், "அத்தான் பின்னாடி வர்றாக, எப்படியும் வந்துருவாக" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரன் தோரணை. நான் நாக்குத் தள்ள, விருந்தாளி மாதிரி வந்து சேர்ந்தேன்.

அடுத்த மாதமும் வருவோம், என் கோயிலுக்குள் நான்தான் முதலில் நுழைவேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

முடிவு சுலபம். வழிதான் இரண்டாகப் பிரிந்தது. சக்கரம், கியர் என்று பாகங்களை மாற்றிச் சைக்கிளை இலேசாக்குவதா? அல்லது ட்ரெயினர் என்கிறார்களே, பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நம்மை மிதிக்கவைக்கும் இரும்புத் தாங்கி, அதை வாங்கிக் காலைத் தேற்றுவதா?

"ஏதாச்சும் ஒண்ணு" என்றாள் உமையாள். "ரெண்டும் வேணும்னா நீகளும் சைக்கிளும் அங்குட்டு ரோட்டுல குடித்தனம் பண்ணுங்க."

சைக்கிள் கடைக்காரரிடம் போனேன்.

"வீலை மாத்துங்க சார். காத்து மாதிரி போகும்."

"மேட்டுல கால் ஒத்துழைக்க மாட்டேங்குதே?"

"காலுக்கு நம்மகிட்டப் பார்ட்ஸ் வர்றதில்ல சார்."

சொக்கு இன்னும் தெளிவாகச் சொன்னான். "அத்தான், சைக்கிள்ல ஒரு குறையும் இல்ல. மேல உக்காந்திருக்கதத்தான் மாத்தணும்."

அந்த ஒரு வாக்கியம் ட்ரெயினரை வாங்கிக் கொடுத்தது. சொக்குவுக்குத் தெரியக்கூடாது என்று உமையாளிடம் சத்தியம் வாங்கினேன். (அக்கா தம்பிக்கு நடுவில் சத்தியம் செல்லாது என்பது பிறகு தெரிந்தது.)

மிதித்தால் பின் டயர் ஓர் உருளையில் உரசிக்கொண்டு சுழலும். அந்த இரைச்சலை வாங்கி ஒரு தூண் அடுத்த தூணுக்குக் கொடுத்தது. எங்கள் வீட்டில் தூண்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டம்மா, "என்ன ஆச்சி, தினமும் முறுக்குக்கு மாவு அரைக்கீகளோ?" என்று விசாரித்தார். "இல்ல, அவுகதான் அரைபடுறாக" என்றாள் உமையாள்.

முற்றத்தில் வெயில் சதுரமாக விழும். அது தரையில் மெல்ல ஊர்ந்து சுவரில் ஏறும். நான் வியர்த்து, மூச்சு வாங்கி, இறங்கிப் பார்த்தால் அதே தூணுக்குப் பக்கத்தில் இருப்பேன். வெயில்கூட என்னை முந்திக்கொண்டிருந்தது. டயருக்கடியில் தினமும் கறுப்பாக ஒரு பொடி உதிர்ந்தது. உழைப்பின் சாம்பல் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அது என் டயர். உருளையில் ஓட்டுவதற்கென்று தனி டயர் மாட்ட வேண்டுமாம். பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதியிருந்ததாம். அந்தத் தாளை நாலாக மடித்துத்தான் தாங்கியின் ஆடுகிற காலுக்கு அண்டை கொடுத்திருந்தேன்.

இளையாத்தங்குடிக்குப் போகும் அந்த ஞாயிறு வந்தது. முதல் மேட்டில் சொக்குவை முந்தினேன். "அத்தான், காலையில என்ன சாப்ட்டீக?" என்று பின்னாலிருந்து கத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை. காற்று காதில் புகழ்ந்தது. புளியமரங்கள் ஒதுங்கி வழிவிட்டன. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

வெடித்தது. திருவிழா வேட்டு என்று நினைத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

டியூபுக்கு மூன்று தடவை ஒட்டுப் போட்டேன். டயரிலேயே ஒரு கிழிசல். ஒவ்வொரு தடவையும் டியூப் அதன் வழியாக நாக்கை நீட்டியது. வெயில் ஏறிவிட்டது. கடைசியில், கோயிலில் ஏதோ விசேஷத்துக்குச் சமையல் பாத்திரம் ஏற்றிப்போன லோடு ஆட்டோ ஒன்றைச் சொக்குதான் கைகாட்டி நிறுத்தினான்.

"ஏறுங்க அத்தான். எப்படியோ நீக முதல்ல போய்ச் சேந்தாச் சரி. ஒரு மாசமா வீட்டுக்குள்ள மிதிச்சிருக்கீகள்ல?"

அண்டாக்களுக்கும் கரண்டிகளுக்கும் நடுவே சைக்கிளை அணைத்தபடி இளையாத்தங்குடிக்கு முதலாவதாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பங்காளிகள் கூட்டமாக நின்றார்கள். நான் போட்டிருந்தது பஞ்சு வைத்துத் தைத்த, தொடையைக் கவ்விய சைக்கிள் டவுசர். ஒரு பங்காளி வீட்டு ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, உள்ள போடுறதோட வந்துட்டியேப்பா, மேல கட்டுறது எங்க?"

வேட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அது என் பையில்தான் இருந்தது, கிளம்புகிற வரைக்கும். எடையாக இருக்கிறதே என்று காலையில் எடுத்து வைத்துவிட்டேன். பாகங்கள் மாற்றாமலே சைக்கிளை இலேசாக்கிய தந்திரம்.

சொக்கு வந்தான். தன் பையிலிருந்து வேட்டியை எடுத்து, டவுசருக்கு மேலேயே கட்டி, சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனான். வெளியே வந்ததும் வேட்டியை அவிழ்த்து என்னிடம் நீட்டினான். நல்ல பிள்ளைதான். நான் அதைக் கட்டி முடிப்பதற்குள் உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்திவிட்டார்கள்.

இப்போதும் கல்யாண வீடுகளில் யாராவது என்னிடம் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் உமையாள் சொல்லிவிடுகிறாள்: "இளையாத்தங்குடி, வெளிவாசல்."

அன்று மத்தியானம் நான் பஸ்ஸுக்கு நின்றேன். சொக்கு சைக்கிளில் ஏறி, ஒரு காலை ஊன்றி, சாத்திய கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அத்தான், ஒங்க கோயில் ரொம்ப நல்லாருக்கு. ஒருநாளைக்கு வந்து பாத்துட்டுப் போங்க."