முராய்க்குத் தொண்டை கட்டியது

மலை வளைவுகளில் தேயிலைக் கொழுந்து லோரியை அத்தனை நிதானமாக ஓட்டுகிற ஹரிதாஸ், வாய்க்கு மட்டும் பிரேக் வைத்துக்கொள்ளவில்லை. முத்தலிப் பாய் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு வீரப்பன்தான் காரணம். தன் கூண்டில் பாடும் கறுப்பு வெள்ளை முராய் குருவியைப் பற்றி அவர் அளந்த அளப்பு தாங்க முடியவில்லை.

"என் வீட்டுக் கூரைப் பொந்துலயும் முராய் குஞ்சு பொரிச்சிருக்கு லா! அதுல ஒன்ன எடுத்து வளத்து, ஒன் முராய் வாய மூட வைக்கிறேன் பாரு!"

"நீ வளப்ப ஹரி. ஒன் வீட்டம்மா கூண்டு மாட்ட விடுவாங்களா?" என்றார் வீரப்பன்.

கடையே சிரித்தது. ஹரிதாசுக்குக் காது சிவந்தது.

"தீபாவளிக்குள்ள என் வாசல்ல முராய் கூண்டு தொங்கலன்னா, ஒரு வருஷத்துக்கு ஒன்ன 'துரை'ன்னு கூப்புடுறேன்!"

தோட்டத்து மானேஜரைத் துரை என்று கூப்பிடவே நாக்கு கசக்கிற ஆள் அவர். வீரப்பனையா கூப்பிடுவார்?

மனைவி உமாதேவி தேயிலை பேக்டரியில் பொட்டலம் கட்டுகிறவள். குருவியை அடைத்து வைப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. ஹரிதாஸ் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக நின்றார்.

"சரிங்க," என்றாள் உமாதேவி.

பயம் அப்போதே பிடித்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்த்துப் பேசி அவர் தோற்றதைவிட, அவள் 'சரிங்க' சொல்லி அவர் தோற்றதுதான் அதிகம்.

"ஆனா எறகு நல்லா மொளைக்கிற வரைக்கும் ஏணி போட்டு எட்டிப் பாக்கக் கூடாது. மனுச மொகத்தக் கிட்டப் பாத்தா தாய் கூட்ட விட்டுட்டுப் போயிரும்."

"ஐயோ, பாக்கவே மாட்டேன்."

"பொந்துக்குக் கீழதான் நம்ம துணிக் கொடி. நானும் பிள்ளைங்களும் மாத்தி மாத்திப் போனா அது மெரளும். ஒரே ஆளு போனா பழகிக்கும்."

"யாரு போறது?"

"முராய் யாருக்கு வேணும்?"

மறுநாளிலிருந்து துணி காயப்போடுவது ஹரிதாஸ் வேலை. அதற்கடுத்த நாள் வாஷிங் மெஷின் அதிர்வில் குஞ்சு விழுந்துவிடும் என்றாள். அந்த மலைக்குளிரில், கை விறைக்க விறைக்க, குடும்பத்துத் துணி முழுவதையும் அவரே கசக்கினார். டிவியின் சத்தம் அடங்கியது. மோட்டார் சைக்கிளை லயத்து வீட்டு வரிசை முனையிலேயே அணைத்துவிட்டு, வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார். ஊர்ப் பூனை ஒன்று அந்தப் பக்கமே சுற்ற, தன் தட்டு மீனை அதற்குக் கொடுத்துச் சமாதானம் பேசினார். லோரி ஓட்டும்போதும் மனசு பொந்திலேயே கிடந்தது.

"உமா, பூனை வந்துச்சா?" என்று வழியில் நிறுத்திப் போன் போடுவார்.

"வரல."

"வீரப்பன் ஏணிய வெளிய எடுத்தானா?"

"எடுக்கல. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தவருக்கு நெஞ்சு பகீரென்றது. பொந்திலிருந்து அதுவரை கீச்சுக் கீச்சென்று மெல்லிசாகக் கேட்ட குரல், தகரத்தைச் சுரண்டுவது போலக் கரகரத்தது.

"உமா! பாடகனுக்குத் தொண்டை கட்டிருச்சு!"

"பனி ஒத்துக்கல போல."

"இப்ப என்னா செய்யறது?"

"கீழ அடுப்ப வச்சு கற்பூரவள்ளி கொதிக்க வைங்க. ஆவி மேல போவும்."

வைத்தார். தூறலில் குடை பிடித்துக்கொண்டு வைத்தார். புகையில் கண்ணைக் கசக்கியபடி மேலே பார்த்தால், தாய்க்குருவி மட்டும்தான் புழுவோடு வந்து போனது.

"தகப்பன் குருவியக் காணோமே?"

"பிள்ளைக்கு ஒடம்பு முடியலல்ல? முத்தலிப் பாய் கடைக்குப் போயிருக்கும்."

ஹரிதாஸ் குனிந்து அடுப்பை ஊதினார்.

தீபாவளி நெருங்கியது. குரல் தெளிந்தபாடில்லை. இரை கேட்டு அது போட்ட சத்தம் வீரப்பன் வீடு வரை கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகியதும், ஹரிதாஸ் முருகனை நினைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பொந்துக்குள் கையை விட்டு, குஞ்சை இதமாகப் பற்றி, வெளியே எடுத்தார்.

தவிட்டு நிறம். மஞ்சள் கால். மஞ்சள் அலகு.

"மைனா!"

உமாதேவி கீழே நின்று தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"முராய் குஞ்செல்லாம் அன்னைக்கே பறந்துருச்சுங்க. தொண்ட கட்டுச்சுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு. அப்பன்காரன் கூட்டிட்டுப் போயிட்டான்."

"அப்ப இது?"

"பேக்டரி கூரையக் கழுவுறப்ப மைனாக் கூட்டக் கலைச்சுட்டாங்க. இது ஒன்னுதான் உசுரோட கெடந்துச்சு. சாப்பாட்டு டப்பாவுல கொண்டாந்து பொந்துல விட்டேன். வாயப் பொளந்துச்சு. தாய் முராய் ஒரு நிமிசம் யோசிச்சுச்சு, அப்பறம் ஊட்டிருச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா பூனைக்கு யாரு காவல் இருப்பா?"

கூரை விளிம்பில் தாய் முராய் வந்து உட்கார்ந்து, வாயில் புழுவை வைத்துக்கொண்டே அவரைத் திட்டித் தீர்த்தது. உள்ளங்கையில் இருந்த மைனாவோ, யாராக இருந்தால் என்ன என்று ஹரிதாசைப் பார்த்தே வாயைப் பிளந்தது. அவருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பாசம் வந்து தொலைத்தது. எத்தனை நாள் கற்பூரவள்ளி! மெல்ல உள்ளே வைத்தார். தாய் அவர் கையை உரசிக்கொண்டு பொந்துக்குள் பாய்ந்தது.

"ஏறுனது ஏறிட்டீங்க. அப்படியே கொடியில கெடக்குற துணியையும் எடுத்துக்கிட்டு எறங்குங்க."

எடுத்தார். தோளில் பாவாடைகளும் கழுத்தில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளுமாக ஏணியில் நின்ற நேரம், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வீரப்பன் தலை நீண்டது.

"என்னா ஹரி, முராய்க்குத் தொண்ட சரியாயிருச்சா?"

ஹரிதாஸ் கழுத்துச் சட்டைகளை விலக்கிக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"அது மைனாங்க, துரை."