வடக்கு வாசலில் பேச்சி அத்தை

ஒப்புக்கொள்கிறேன். இருபத்தொரு வயதில், கிரேக்கத் துன்பியல் நாடகம் பற்றிய புத்தகத்தில் பாதியைப் படித்துவிட்டு, மும்பையிலேயே அதைப் புரிந்துகொண்ட ஒரே பெண் நான்தான் என்று நம்பினேன். (மீதிப் பாதியை இன்னும் படிக்கவில்லை.)

அந்தத் திமிரில், மாட்டுங்காவில் நடந்த நாடகப் போட்டிக்கு நானே ஒரு துன்பியல் எழுதினேன். வடக்கு வாசலைத் தாண்டினால் சாவாய் என்று ராஜாவுக்குக் குறி சொல்கிறார்கள். கடைசியில் அந்த வாசல் வழியாகவே போய்ச் சாகிறான். விதியை யாராலும் தடுக்க முடியாது! எங்கள் தாராவி சந்தில் மூன்று மாதம் இதையே சொல்லி எல்லார் உயிரையும் வாங்கினேன்.

எனக்கு அது விளையாட்டில்லை. தோல் பைப் பட்டறை வைத்திருந்த அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "பரிசு வாங்கிட்டு வந்தா எம்.ஏ. படி. இல்லைன்னா சித்திரையில கல்யாணம். மாப்பிள்ளை வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காவ."

ராஜாவாக நடித்தது பட்டறையில் தோல் வெட்டும் செல்வம். கிரேக்க நாடகத்தில் கோரஸ் என்று ஒரு கூட்டம் உண்டு. ஓரமாக நின்று புலம்பும், எதையும் தடுக்காது. அதற்கு எங்கள் சந்துப் பெண்கள் ஆறு பேர். தலைவி, செல்வத்தின் அம்மா பேச்சி அத்தை. ஒத்திகையில் கடைசிக் காட்சி நெருங்கும்போதெல்லாம் குழாயில் தண்ணீர் வந்துவிடும். ஆறு பேரும் குடத்தோடு ஓடிவிடுவார்கள். "கடைசியில சும்மா நின்னு அழுதாப் போதும் அத்தை" என்று விட்டுவிட்டேன். (மேதைகள் இப்படித்தான் விடுவார்கள்.)

போட்டியன்று எல்லாம் கிரேக்கமாகவே நடந்தது. கடைசிக் காட்சியில் செல்வம் நெஞ்சை நிமிர்த்தி, "போகிறேன்!" என்றான்.

நம் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டு வாசல் தாண்டுவதில்லை. பேச்சி அத்தையின் புலம்பல் சட்டென்று நின்றது.

"ஏல, என்ன பேச்சு பேசுத? போயிட்டு வாரேன்னு சொல்லு."

"எம்மா, நாடகம்மா..."

"நாடகம்னா வாயில நல்ல வார்த்தை வராதோ? சொல்லுல!"

மற்ற ஐந்து பேரும் வடக்கு வாசலை மறித்து நின்றார்கள். குழாயடியில் வரிசையை மீறி எவரையும் நுழைய விடாத அதே உறுதி. ராஜா தலையைக் குனிந்துகொண்டு, "போயிட்டு வாரேம்மா" என்றான். அரங்கமே கைதட்டியது.

அடுத்து என் முறை. கிரேக்க நாடகத்தில் சாவு மேடையில் நடக்காது, தூதன் வந்து சொல்வான். அந்தத் தூதன் நான்தான். அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எழுதியதில் ஒரு வரியைக்கூட விட மனமில்லாமல் ஓடிவந்து, "மன்னர் மாண்டார்!" என்று அலறினேன்.

பேச்சி அத்தை என் தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஏட்டி, எம்புள்ளைக்குச் சொல்ல உனக்கு நல்ல வாக்கே கெடைக்கலியா? இப்பந்தான வாரேன்னுட்டுப் போனான்!"

அம்மாவைச் சமாதானப்படுத்த, செத்துப்போன ராஜாவே திரும்பி வந்தான். யாரோ அவசரமாகத் திரையை இழுத்துவிட்டார்கள். ஆறுதல் பரிசுகூட இல்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அப்பா சொன்னார்: "சரி, எல்லாம் விதி. சித்திரைக்கு நாள் பாத்துருவோம்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடப் படியேறாத ஆறு பெண்கள் ஒரு ராஜாவின் சாவையே மறித்துவிட்டார்கள். பட்டம் வாங்கிய நான் இதற்குத் தலையாட்டுவதா?

"மாட்டேம்ப்பா."

"நீதானட்டி மூணு மாசமா விதிய யாரும் தடுக்க முடியாதுன்னு கத்துன?"

"அது கிரேக்கத்துலப்பா. இது தாராவி."

பேச்சி அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். மற்ற ஐந்து பேரும் வந்து நின்றார்கள். பஸ் வந்தது, போனது. அப்பா ஏறவில்லை, ஏற வழியில்லை. மூன்றாவது பஸ் வந்தபோது, "படிச்சுத் தொலை" என்றார். வழி விட்டார்கள்.

எம்.ஏ. முடித்து, கல்லூரியில் நாடகம் சொல்லித்தரும் வேலை கிடைத்த அன்று பட்டறைக்கு ஓடினேன். "அப்பா, ஒரு செய்தி!" என்றேன். அவர் தோலிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு செத்தா?" என்று கேட்டார்.

இன்றுவரை நான் எந்தச் செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி அதுதான். என் பதிலும் மாறவில்லை.

"யாரும் சாகல. கோரஸ் விடல."