சகலையைவிட ஒரு சுற்றுப் பெரிது

இருக்கைக்குக் கீழே கட்டிய பை, சைக்கிள் ஓட ஓட நாய்வாலைப் போல இடமும் வலமும் ஆடியது. கண்ணாடிக்கடைக்காரர் தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் நிஜ நாய்கள் மூன்று, இனத்தைக் கண்டுகொண்ட பாசத்தில் பின்னாலேயே வந்துவிட்டன.

"திருப்பிக் குடுத்துட்டு வாங்க," என்றாள் வாசலில் நின்ற மனைவி. "ரெண்டு நாள் ஏரிக்கரைக்குப் போக ஒரு துணிப்பை போதாதா?"

"உனக்கென்ன தெரியும்? உன் தங்கச்சி புருஷன் என்ன பையோட வர்றானோ!"

அதுதான் விஷயம். கல்யாணமான நாளிலிருந்து அவர் சகலையிடம் தோற்றுக்கொண்டே வந்தார். இவர் மின்விசிறி வாங்கினால் அவன் ஏசி வாங்கினான். இவர் ஏசி வாங்கிய வாரம் அவன் குடும்பத்தோடு பனிமலைக்கே போய்வந்தான். மாமனார் வீட்டில் கைவைத்த நாற்காலி எப்போதும் இளைய மாப்பிள்ளைக்குத்தான். மூத்தவருக்கு மோடா.

"சைக்கிள்ல போய்க் கூடாரம் போட்டுப் படுத்துட்டு வருவோமா, சகல?" என்று அவன் கூப்பிட்டதுமே இவருக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. இந்தச் சவாரியில் அவனை அசத்திவிட்டால் நாற்காலி கைமாறும்!

பையோடு கடைக்கு ஓடினார்.

"ஆடுதா? பின்னாடி மட்டும் பாரம் இருந்தா ஆடத்தான் சார் செய்யும்," என்றார் பைக்கடைக்காரர். "நேத்துகூட உங்க சொந்தக்காரர் ஒருத்தர் வந்தாரே, ஹேண்டில்பாருக்கும் சேர்த்துத்தான் வாங்கிட்டுப் போனாரு."

"சொந்தக்காரரா? உயரமா, மீசை வச்சிருந்தானா?"

"அவரேதான்!"

"என் சகலை!"

"சகலைன்னுதான் சொன்னாரு. பத்து லிட்டர் பை எடுத்தாரு."

"எனக்குப் பதினஞ்சு குடுங்க!"

ஆட்டம் நின்றது. ஆனால் சைக்கிள் புல்லைக் கண்ட மாடு மாதிரி முன்னால் குனிந்தே ஓடியது. பிரேக் கம்பி பைக்கு அடியில் நசுங்கியதால், பிடித்தபோது நிற்காமல் பிடிக்காதபோது நின்றது.

"பாரம் நடுவுக்கு வரணும் சார். உங்க சகலை சைக்கிள் சட்டத்துக்கு நடுவுல முக்கோணப் பை எடுத்தாரு."

"அதைவிடத் தடிமனா இருக்கா?"

இருந்தது. அதை மாட்டியபின் முழங்கால்களுக்கு இடமில்லை. தவளையாக அகட்டி மிதித்தார். தண்ணீர் பாட்டில் இருந்த இடம் பறிபோனதால் பாட்டிலுக்கு ஒரு பை. அது இடித்ததால் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பை. எல்லாமே சகலை எடுத்ததைவிட ஒரு சுற்றுப் பெரிது. கடையைவிட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

வீட்டுக்கு வந்தால் வேறு சிக்கல். காலிப் பைகள் வாடிய கத்தரிக்காயாகத் தொங்கின.

"நிரப்பினாத்தான் சார் நிமிரும்," என்றார் பைக்கடைக்காரர் போனில். "உங்க சகலை…"

"போதும், புரியுது!"

தலையணைகள் உள்ளே போயின. சுவர்க்கடிகாரம் போனது.

"இஸ்திரிப் பெட்டி எதுக்கு?" என்றாள் மனைவி. "ஏரி மீனுக்குச் சட்டை தேய்க்கவா?"

"பை மூலை மடங்காம நிக்கணும்டி!"

"அப்ப என்னையும் ஒரு மூலையில வச்சுக் கட்டிடுங்க."

இடமிருக்கிறதா என்று அவர் ஒரு கணம் பார்த்தார்.

புறப்படும் காலையில் சைக்கிள் வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி வெளியே கொண்டுவந்தார்கள். எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர், பெரிய வண்டிக்கு வழிவிடுவதுதான் முறை என்று ஓரம் கட்டினார். கண்ணாடிக்கடைக்காரருக்கு யானை மேல் போகிற பூரிப்பு. மணியை விடாமல் அடித்தார்.

பைகளின் வார்களுக்கும் பிறந்த வீட்டுப் பாசம் உண்டு போலும். பைக்கடை வாசலுக்கு வந்ததும் ஒன்று பட்டென்று அறுந்தது. மற்றவை அதைப் பின்பற்றின. பைமலைக்கு அடியிலிருந்து அவர் தலையை நீட்டினால், அவரைத் தேடிக்கொண்டு வந்த சகலை எதிரே நிற்கிறான். பழைய சைக்கிள். பின்னால் கயிற்றால் கட்டிய பள்ளிக்கூடப் பை ஒன்று.

"என்ன சகல, வீடு காலி பண்றீங்களா?"

"உன் பையெல்லாம் எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே?"

"எந்தப் பை? இது என் பொண்ணோட ஸ்கூல் பை. இதுவே பாதி காலி."

"புளுகாதே! இந்தக் கடையில நீ என்னென்ன வாங்கினேன்னு எனக்குத் தெரியும்!"

"இந்தக் கடையையே நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"

கண்ணாடிக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுச் சகலையைக் கையோடு கடைக்குள் இழுத்துப் போனார். பைக்கடைக்காரரைக் காணோம். கல்லாவில் அவருடைய மனைவி மட்டும் உட்கார்ந்து புதுப் பைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. இவன்தானே உங்க வீட்டுக்காரர் சொன்ன என் சகலை?"

அந்தம்மா சகலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரை நாங்க கண்டதே இல்லீங்க. யாரு வந்தாலும் 'நேத்து உங்க சொந்தக்காரர் ஒருத்தர் வந்தாரு'ன்னு மட்டும்தான் எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. அது யாருன்னு வர்றவங்களே சொல்லிடறாங்க."