தூங்குமூஞ்சிக்கு மீசை

பெற்ற பிள்ளையை ஒரு மதியம் பூங்காவுக்குக் கூட்டிப் போவதற்கு ஒரு மனிதர் எவ்வளவு பேச முடியும்? என் அத்தான் காலைக் காப்பியில் ஆரம்பித்து மதியச் சாப்பாடு வரைக்கும் பேசினார்.

"நாலு சுவத்துக்குள்ளயா படிப்பு? மரம்தான் வாத்தியார்! மண்ணுதான் சிலேட்டு! இனி என் பொண்ணுக்கு இயற்கைதான் பள்ளிக்கூடம்!"

சங்கதி இதுதான். வாரம் ஒரு மதியமாவது குழந்தையை வெளியே விட்டு மண், இலை, பூச்சி என்று பழக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். அக்காவுக்கு ஆறு நாளும் தையல் மெஷின். அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. "ஊரார் கண்ணையெல்லாம் திறந்து வைக்கிறேன், என் கண்ணை மூட ஒரு நாள் வேணாமா?" என்பார். இருவருக்கும் ஞாயிறு மதியம்தான் தூக்கம். யார் விட்டுக்கொடுப்பது?

அக்கா பந்தயம் கட்டினாள்.

"இன்னிக்கு நீங்க போங்க. கண்ணை மூடாம அவளைப் பாத்துக்கிட்டா, அடுத்த வாரத்துலேர்ந்து நான் போறேன். தூங்கினீங்க, வருஷம் பூரா உங்க வேலை."

"சரி!" என்றவர், பையில் பாயைச் சுருட்டி வைத்தார்.

"பாய் எந்தப் பாடத்துக்கு அத்தான்?" என்றேன்.

"பூமியோட ஒட்டி உறவாடணும்மா."

"தலகாணி?"

"பூமி மேடுபள்ளமா இருந்தா?"

பல்கலைக்கழகத்து விவாத மேடையில் நான் யாரையும் விட்டதில்லை. அக்காவைச் சமையலறையில் பிடித்தேன். "ஆம்பளை செஞ்சா சேவை, நீ செஞ்சா கடமையா? பூங்காவுல தூங்கிட்டு வந்து, கண்ணை மூடவே இல்லைன்னு சாதிப்பாருக்கா! சாட்சிக்கு யார் இருக்கா?"

"கத்தாதடி," என்று கொட்டாவி விட்டாள் அக்கா. வாசலில் அத்தான் செருப்பு மாட்டும்போது, மகளைக் கூப்பிட்டாள். "சுண்டெலி, தூங்குமூஞ்சியைப் பாத்தா என்ன செய்யணும்?"

"மண்ணு குழைச்சு மீசை வைக்கணும்!"

மரத்துக்கு மண்ணால் முகம் வைப்பது டீச்சர் சொல்லிக்கொடுத்த விளையாட்டு. பூங்கா நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொள்ளும். அத்தானுக்குப் பொழுதுகூடச் சாய வேண்டாம், தலை சாய்ந்தால் போதும். பந்தயம் கைநழுவப் போகிறது, இவள் மரத்துக்கு மீசை வைக்கச் சொல்கிறாளே! எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா போய்ப் படுத்துவிட்டாள்.

சாயங்காலம் அத்தான் வந்தது நடை இல்லை, பவனி.

"தெருவே என்னைப் பாத்துச் சிரிக்குது! மருந்துக் கடைக்காரர் வெளியே ஓடி வந்து வணக்கம் வைக்கிறார்! பொறுப்பான அப்பான்னா அந்த மரியாதையே தனி!"

"கண்ணை மூடலையே?" என்றாள் அக்கா.

"இமைக்கக்கூட இல்ல!"

நான் வாதாட வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். மழுமழுவென்று சவரம் செய்த அந்த முகத்தில், காது வரைக்கும் முறுக்கிவிட்ட மண் மீசை. புருவத்துக்கு ரெண்டு இலை. கடை நிறையக் கண்ணாடி வைத்திருப்பவருக்கு முகம் பார்க்க ஒரு கண்ணாடி கிடைக்கவில்லை. அக்கா கிடைக்கச் செய்தாள்.

பார்த்தார். மீசையில் ஒரு முறுக்கு உதிர்ந்தது.

"ஏய் சுண்டெலி! அம்மா மரத்துக்குத்தானே வைக்கச் சொன்னா?"

அக்கா பையிலிருந்த தலையணையை உருவி, தட்டி, தன் கட்டிலில் போட்டுக்கொண்டாள்.

"நான் மரம்னு சொல்லவே இல்லையேங்க."