சும்மா குழுவிலிருந்து உன் அத்தையை மாற்றச் சொல்லி

என் தங்கை பெற்றெடுத்த ஆராய்ச்சியாளருக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதை நீதான் அளந்து சொல்ல வேண்டும். நீயும், உன் பேராசிரியரும், ரத்த அழுத்தம் பார்க்கும் உன் கருவியும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் பேசலாம் என்றால் நீ "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். கடிதம் என்றால் நடுவில் வெட்ட முடியாது. அதனால் ஆற அமர உட்கார்ந்து முழுவதையும் படிக்கவும்.

தப்பு என் வாயில்தான் ஆரம்பித்தது. தினம் காலையும் மாலையும் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட்டால் ரத்த அழுத்தம் இறங்குமா என்று ஆராயப் போகிறேன், நாற்பது பேர் வேண்டும் என்று நீ சொன்னபோது, "நம்ம குடியிருப்பிலேயே பிரஷர்காரங்க நாற்பது பேர் தேறுவாங்களே" என்று பெருமையாகச் சொன்னவன் நான். நீயும் வந்தாய், எல்லாரையும் கூட்டம் போடும் அறையில் உட்கார வைத்தாய், சீட்டுக் குலுக்கினாய், பாதிப் பேர் மூச்சுக் குழு, மீதிப் பேர் ஒப்பீட்டுக் குழு என்று பிரித்தாய். ஒப்பீட்டுக் குழு என்ன செய்யணும் என்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே, "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கிட்டு சும்மா இருந்தா போதும்" என்றாய். அவ்வளவுதான், அன்றையிலிருந்து அதற்கு 'சும்மா குழு' என்று பெயர் நிலைத்துவிட்டது. நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். நாற்பது பேரையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய்.

உனக்குத் தெரியாது பாப்பா, மனுஷனைப் பார்த்து எதைச் செய் என்றாலும் செய்ய மாட்டான், சும்மா இரு என்றால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். கீழே கடை வைத்திருக்கிறாரே தையற்காரர், அவருக்கு சும்மா குழு விழுந்தது. மறுநாளே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஏங்க, எனக்கு மட்டும் மூச்சு இல்லையா? இந்தக் கட்டடத்துல அத்தனை பேரையும் அளந்தவன் நான், என்னை அளந்து பார்த்து ஒதுக்கிட்டாங்களே உங்க தங்கச்சி மக" என்றார். ஒதுக்கலைங்க, சீட்டு அப்படி விழுந்தது, சும்மா இருக்கிறவங்கன்னு சில பேர் இருந்தாத்தான் இறங்கினது மூச்சாலயா, இல்ல வெயில் குறைஞ்சதாலயான்னு தெரியும் என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். "அப்ப அவங்க இறங்கினது தெரியறதுக்கு நான் ஏறணும், அதானே?" என்றார். இப்போது அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தையல் மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளே புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடறார், சத்தம் தெருவுக்குக் கேக்குது. எட்டிப் பார்த்தா "மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்"கிறார். எதிர்வீட்டு பேங்க் அம்மாவுக்கு மூச்சுக் குழு. அந்தம்மா கண்ணை மூடுறதே இல்ல. ஏம்மா இன்னிக்கு ஆச்சான்னு கேட்டா, "டி.வி. பார்க்கும்போது மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், அதையும் சேர்த்துக்கங்க"ங்குது. விடச் சொன்னவங்க விடல, விட வேணாம்னவர் விட்டுத் தள்றார். நீ என்னடான்னா "ஒரு குழு செய்யறது இன்னொரு குழுவுக்குக் கசியக் கூடாது மாமா"ன்னு போன்ல பாடம் நடத்துறே. நான் என்ன தண்ணி டேங்க்கா, அடைச்சு வைக்க?

கரண்டு ஆபீஸ்ல மீட்டர் ரீடரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். கையில மீட்டர் கார்டோட தெருமுனையில என் தலை தெரிஞ்சாப் போதும், வீட்டுக்கு வீடு ஃபேனை நிறுத்துவாங்க. ஒரு நிமிஷம் நிறுத்தினா மாசம் பூரா ஓடினது குறையுமான்னு யாரும் யோசிக்க மாட்டாங்க. அதேதான் இங்கயும். நீ கருவியோட வர்ற அன்னிக்குக் காலையில எல்லாரும் உப்பில்லாமச் சாப்பிட்டு, படியில நடந்து, உத்தமர்களா உட்கார்ந்திருக்காங்க. நீ குறிச்சுக்கிட்டுப் போறே. உன் பேராசிரியர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார், படட்டும்.

இதெல்லாம் எனக்குக் கவலையே இல்ல. என் கவலை உன் அத்தை. போன மழைக்காலத்துல சமையலறையில தலை சுத்தி, குழாயைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சாளே, அப்ப பக்கத்துல நின்னது நான் ஒருத்தன்தான். அன்னிக்கு என் உயிர் என்கிட்ட இல்ல. அப்படிப்பட்டவளுக்கு சும்மா குழு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற எனக்கு மூச்சுக் குழு. என் சீட்டை அவளுக்குக் கொடுத்துடறேன்னு அன்னிக்கே உன்கிட்ட கெஞ்சினேன். "வேண்டியவங்களைப் பார்த்து நாமளே பிரிச்சா அப்புறம் குலுக்கினது எதுக்கு மாமா? இது நல்லது பண்ணுமான்னே இன்னும் தெரியாது, தெரியாததாலதானே பார்க்கிறோம்"னே. நியாயம்தான். ஆனா அந்த நியாயத்தை மடியில கட்டிக்கிட்டு நான் நாற்காலியில சாமியார் மாதிரி உட்கார்ந்து மூச்சு விடுறேன், அவ எனக்கு எதிர்ல வேலை செஞ்சுக்கிட்டிருக்கா. எனக்கு உள்ளுக்குள்ள அறுக்குது பாப்பா.

போன தடவை நீ வந்து பார்த்தப்ப என்ன ஆச்சு? ஒழுங்கா மூச்சு விட்ட நான் ஏறிட்டேனாம், ஒண்ணுமே செய்யாத அவ இறங்கிட்டாளாம். நல்லாப் பாருன்னேன். "மூணு தடவை பார்த்துட்டேன் மாமா"ன்னே. அப்ப மூச்சு விட்டா ஏறுமான்னு கேட்டேன். "ஓர் ஆளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னே. உனக்கு அவ நாற்பதுல ஒருத்தி. எனக்கு ஒண்ணுல ஒண்ணு. அந்த எண்ணை நான் நம்பல. ஒண்ணு கையில சுத்துற உன் கருவியோட பட்டை தொளதொளன்னு இருந்திருக்கணும், இல்ல அவ உடம்புக்கு வேற ஏதோ வந்து அதை என்கிட்ட மறைக்கிறா. கேட்டா "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்"ங்கிறா. ஒண்ணுமில்லாதவ எதுக்கு இப்பல்லாம் தனக்குத் தானே சிரிச்சுக்கிறா?

ஆகவே நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இந்தக் கடிதம் கண்டவுடன் அத்தையை மூச்சுக் குழுவுக்கு மாற்று. முடியாது என்றால் ஆராய்ச்சியையே நிறுத்திவிடு, மேற்பார்வை வேலையிலிருந்து என்னையும் விடுவித்துவிடு. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

பட்டம் வாங்கி, பேர் வாங்கி, நீயும் ஒரு நாள் சும்மா உட்காரும் பாக்கியம் பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். உன் ஆராய்ச்சி முடியட்டும், எங்களுக்கு முன்னால் முடியட்டும்.

இப்படிக்கு,
ரத்த அழுத்தம் ஏறிய தாய்மாமன்

பின்குறிப்பு: கண்ணு, இது அத்தை எழுதறது. தபால்ல போடச் சொல்லி உங்க மாமா கொடுத்தார், ஒட்ட மறந்துட்டார், படிச்சுட்டேன். என்னை எங்கயும் மாத்தாதே, நிறுத்தவும் நிறுத்தாதே. எனக்கு ஒரு வியாதியும் வரல. உங்க மாமா விடிஞ்சு எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் பேசறவர், உனக்கே தெரியும். நீ வந்து சொன்னதுலேருந்து காலையில கொஞ்ச நேரம், சாயந்தரம் கொஞ்ச நேரம் கண்ணையும் வாயையும் மூடிக்கிறார். அந்த நேரத்துக்கு நான் அடுப்பை அணைச்சுட்டு, காபியை எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துடறேன். மூச்சையெல்லாம் எண்ணறதில்ல. நீ சொன்ன மாதிரியே சும்மா இருக்கேன். 'சும்மா இரு'ன்னு இந்த வீட்டுல எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், அதுக்கு வாயை மூடுன்னு அர்த்தம். நிஜமாவே சும்மா இருங்கன்னு கல்யாணமானதுலேருந்து என்னைப் பார்த்துச் சொன்னது நீ ஒருத்திதான். எதிர்ல வேலை செஞ்சுக்கிட்டிருக்கான்னு எழுதியிருக்காரே, அது அவர் கண்ணைத் திறந்ததும் நான் எழுந்து செய்யறது.

அவருக்கு ஏன் ஏறுதுன்னும் சொல்லிடறேன், மூச்சு மேல பழி போட்டுடாதே. அவர் ஒழுங்காச் செய்யறதே இல்ல. ஜன்னல் அவருக்கு முதுகுப் பக்கம், நான் உட்கார்ந்திருக்கிறது தெரியாது. அடுப்பங்கரையில சத்தம் நின்னதும் பதறி, ஒரு கண்ணைத் திறந்து, நான் மறுபடி விழுந்துட்டேனான்னு குழாயடியைப் பார்க்கிறார். நான் ஒரு இருமல் இருமினதும் மூடிக்கிறார். எண்ணினது விட்டுப்போய், மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கிறார். தினமும் இதே கதைதான். பேசாம அவர் பக்கத்துல போய் உட்கார்ந்துடலாம்னு பார்க்கிறேன், கையைத் தொட்டுக்கிட்டிருந்தா நிம்மதியாக் கண்ணை மூடிப்பார். உங்க பேராசிரியரைக் கேட்டுச் சொல்லும்மா, அப்படி உட்கார்ந்தா நான் எந்தக் குழு?