திறந்து போட்ட கதவும் தங்கள் தங்கையும்

கருவடிக்குப்பம்,
12-8-1978

மரியாதைக்குரிய மச்சான் கோவிந்தராசு அவர்களுக்கு, கன்னியப்பன் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஆடும் சுகம். சேதராப்பட்டில் தாங்களும், அக்காவும், என் மகள் தையல்நாயகியும், மூன்று நாளாகத் தங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் தங்கள் தங்கை அஞ்சலாட்சியும் சுகமாக இருக்க எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

நிற்க. அவள் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள், நான் சொல்வதையும் கேளுங்கள். நான் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. எல்லாம் ஒரு பாட்டால் வந்த வினை. எங்கள் கல்யாணத்தில் மைக்செட்டு முருகையன் நாலு தரம் போட்டானே, ‘கதவைத் திறந்துவைத்துப் போனவளே, வெறுங் காற்றுதான் வருகுதடி’ என்று, அதேதான். பதினோரு வருஷமாக ரேடியோவில் அது வந்தால் நாங்கள் இரண்டு பேரும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்போம். போன மாசம் கேட்டு முடித்ததும் இவள் மெதுவாக, “அவ ஏன்யா கதவத் தொறந்து வச்சுட்டுப் போனா?” என்றாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

பாட்டுப் புத்தகம் வாங்கிப் பார்த்தோம், பாதிப் பக்கம்தான் இருந்தது, மீதியில் யாரோ வேர்க்கடலை மடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு தேவதாஸ், பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், ‘சொல்தா’ என்பார்கள், கப்பலேறிப் போய் சைகோன் எல்லாம் பார்த்தவர் ஆயிற்றே என்று அவரைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு “செ லா வி” என்று பிரெஞ்சில் சொன்னார். அதற்கு வேறு அர்த்தம் தேட எனக்குத் தெம்பு இல்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா ஜானகிராமனிடம் போனோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வீடு என்பது உடம்பு, போனவள் உயிர், இது மரணத்தைப் பற்றியது” என்று முடித்துவிட்டார். வழியெல்லாம் இவள் அழுகை. “எங் கல்யாணத்துல சாவுப்பாட்டா போட்டீங்க?” என்கிறாள், என்னவோ நான் உட்கார்ந்து எழுதின மாதிரி.

வீட்டுக்கு வந்ததும், “ஊரையெல்லாம் கேட்டாச்சு, நீ இன்னா நெனக்கிற, அதச் சொல்லு” என்றாள். ஷிப்டு முடிந்து வந்த அலுப்பு மச்சான், தறிச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. “மறந்து போட்டுட்டுப் போயிருப்பா, இதுல இன்னா இருக்கு, கதவத் தொறந்து போட்டா நாய்தான் வரும்” என்றேன். இது தப்பா? கதவு என்றால் சாத்துவதற்குத்தானே? “போனவளக் கூப்புடணும்னு ஒனக்குத் தோணவே இல்ல பாரு” என்றாள். மறுநாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு. வேண்டுமென்றே செய்திருக்கிறாள். நான் மூஞ்சி கழுவிவிட்டு வருவதற்குள் நாய் நுழைந்து வறுத்து வைத்த சங்கரா மீன் ஐந்தையும் தூக்கிப்போய்விட்டது. நான் சொன்னது நடந்ததா இல்லையா? கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், கோபத்தில் கொஞ்சம் பலமாகவே.

நான் வந்து கூப்பிடமாட்டேன் மச்சான். எனக்கும் ரோஷம் இருக்குது. அவளாகப் போனாள், அவளாக வரட்டும். தாங்கள் நாலு வார்த்தை புத்தி சொல்லி பஸ் ஏற்றிவிட்டால் போதும். மூன்று நாளாக நான் பொங்குவதை ஆடு கூட மோந்து பார்த்துட்டுப் போயிடுது. ரேடியோவைத் திருப்பவே பிடிக்கல, கேக்க ஆளு வேணாமா?

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைக்கு முத்தம். வேறு யாருக்கும் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
கன்னியப்பன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகிற வழியில் முருகையன் கடையில் ரிக்கார்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டுக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறதாம் மச்சான். “அது சோகம்ணே, கல்யாணத்துல போட்டா அடிக்க வருவாங்க, அதான் ஒரு பக்கத்தோட நிறுத்திக்குவேன்” என்கிறான் பாவி. போடச் சொல்லிக் கேட்டேன். போனவளே பாடுகிறாள்: ‘தெருமுனையில் நின்றிருந்தேன், திரும்பிவரச் சொல்லவில்லை. சாத்துகிற சத்தம் கேட்டேன், சரியென்று நடந்துவிட்டேன்.’

இவளும் தெருமுனையில் நின்றாளா என்று கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். முருகையன் இப்போது சேதராப்பட்டுக்கு மைக்செட்டு கட்ட வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதிய எதையும் அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கூப்பிட வருகிறேன். இங்கே கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் வருவேன். நாய் எதைத் தின்றாலும் தின்னட்டும்.